வாசகர் கேள்வி பதில்: பாக்காவ் மரத்தில் உட்கார்ந்திருக்கும் வளைந்த அலகுக்காரன்

போன இதழில், தீபாவளி விடுமுறைக்குப் பினாங்குக் கடலோரம் போகிறவர்கள் வலசைப் பறவைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படித்துப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே பறவையைப் பற்றித்தான், ஆளுக்கொரு பெயர் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சரி, பல்லி விழுந்த பலனையும் மிளகாய்ச் செடியில் இலைச்சுருட்டலையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதையே பேசிவிடுவோம்.

தெலுக் ஆயர் தாவாரில் மீன் சாப்பிடப் போயிருந்தோம். கடலோரப் பாக்காவ் (அலையாத்தி) மரங்களின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஒரு பறவைக் கூட்டம். கோழியைவிடக் கொஞ்சம் சின்னது. மூக்கு நீளமாக, கீழ்நோக்கி வளைந்திருந்தது. என் வீட்டுக்காரர் நாரை என்கிறார், கடைக்காரர் கொக்கு என்கிறார். எது சரி?
(பட்டர்வொர்த் வாசகி)

இரண்டும் இல்லை, அக்கா. கொக்குக்கும் நாரைக்கும் அலகு நேராகப் போய்க் கூராக முடியும். நீங்கள் பார்த்தது உள்ளான் குடும்பத்துப் பறவை, விம்பிரல் என்று பெயர். தமிழில் சின்னக் கோட்டான் என்று எழுதுகிறார்கள், இரவில் அலறும் ஆந்தையோடு இதற்கு எந்த உறவும் கிடையாது. மலாய்க்காரர்கள் பீசாவ் ராவுட் என்பார்கள்.

உடல் நீளம் 40 முதல் 45 சென்டிமீட்டர், இறக்கையை விரித்தால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, எடை பெரும்பாலும் அரை கிலோவுக்குள். முதுகு பழுப்பு, அதில் வெளிறிய புள்ளிகள். கழுத்திலும் மார்பிலும் கோடு கோடாக இருக்கும், வயிறு வெளுப்பு, கால் நீலம் கலந்த சாம்பல். இதையெல்லாம் சொல்லிவிட்டாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது சேறு நிறத்தில் ஒரு பறவைதான். அதனால் தலையைப் பாருங்கள். உச்சந்தலையில் இரண்டு கரும்பட்டைகள், அவற்றின் நடுவே எண்ணெய் வைத்து வகிடு எடுத்தது போல ஒரு வெளிறிய கோடு, கண்ணுக்கு மேலே புருவமாக இன்னொரு வெளிறிய கோடு. அந்த வகிடு தெரிந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இதன் பெரியண்ணன்கள் இரண்டு பேர் அதே சேற்றில் நடமாடுவார்கள், குழப்பம் வருவது அங்கேதான். பெரிய கோட்டானுக்கும் கிழக்கத்தியக் கோட்டானுக்கும் வகிடு கிடையாது, உடம்பும் பெரிது, அலகு கேட்கவே வேண்டாம். சின்னக் கோட்டானின் அலகு 6 முதல் 9 சென்டிமீட்டர், தலை நீளத்தில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நுனிப் பக்கம்தான் சட்டென்று வளையும். மற்ற இரண்டுக்கும் அலகு தலையைப்போல மூன்று மடங்கு போகும். கிழக்கத்தியக் கோட்டானில் பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர்கூட வளரும், இத்தனை பெரிய கரைப்பறவை உலகில் வேறு இல்லை. அந்த இரண்டும் பறக்கும்போது வாலுக்கு மேலே பாருங்கள், பளிச்சென்று வெள்ளை தெரிந்தால் பெரிய கோட்டான், பழுப்பாகவே இருந்தால் கிழக்கத்தியது.

சார், அவ்வளவு நீளமான வளைந்த அலகை வைத்துக்கொண்டு அது எப்படிச் சாப்பிடுகிறது? சேற்றில் குத்தும்போது உடையாதா?
(ஜெலுத்தோங், ஐந்தாம் படிவ மாணவர்)

நல்ல கேள்வி தம்பி. உடையாது, ஏனென்றால் அது கண்ட இடத்திலும் குத்துவதில்லை. தண்ணீர் வற்றிய சேற்றில் ஒரு சின்னக் கோட்டானை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள், வேடிக்கையாக இருக்கும். அவசரமே இல்லாமல் நடக்கும், நிற்கும், தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தரையைப் பார்க்கும். அப்புறம் திடீரென்று நாலு எட்டு ஓடி, ஒரு நண்டு வளைக்குள் அலகை அடி வரைக்கும் விடும். ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்குமே, வளைக்கு வெளியே நின்று அதை ஆட்டிக்கொண்டே இருக்குமே, அந்தச் சேற்று நண்டுதான் இதற்குப் பிடித்த சாப்பாடு. அதன் வளை நேர்க்கோடாகக் கீழே இறங்குவதில்லை, வளைந்துதான் போகும். நேர் அலகு பாதியில் முட்டி நின்றுவிடும். இதுவோ அலகை உள்ளே விட்டபடியே உடம்பைத் திருப்பி, வளை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நுனியைக் கொண்டுபோகிறது. இழுத்து வெளியே போட்ட நண்டைப் பிடித்து உதறும், கொடுக்கும் கால்களும் கழன்று விழும், பக்கத்தில் குட்டை இருந்தால் சேற்றைக் கழுவிவிட்டு அப்படியே விழுங்கும். செரிக்காத ஓட்டுத் துண்டுகளைப் பிறகு உருண்டையாகக் கக்கிவிடும்.

உள்ளான் குடும்பத்தின் அலகு வெறும் கட்டையும் அல்ல. நுனியில் நுண்ணிய குழிகள் உண்டு, அவற்றுக்குள் தொடு உணர்ச்சி நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இரை இருப்பதை அலகு நுனியால் தடவிக் கண்டுபிடிக்கும். இன்னொன்று, சேற்றுக்குள் புதைந்திருக்கும்போது வாய் முழுவதையும் திறக்க முடியாதல்லவா? மேல் அலகின் நுனியை மட்டும் தூக்கி இரையைக் கவ்வ இந்தக் குடும்பத்துப் பறவைகளால் முடியும், அடிப்பகுதி மூடியே இருக்கும். நம் தாடையால் நினைத்துப் பார்க்க முடியாத வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறுதான், ஒரு பறவைகூட இல்லை. எத்தனை மணிக்குப் போனால் பார்க்கலாம்?
(பாயான் லெப்பாஸ் வாசகர்)

கடிகாரத்தைப் பார்த்துப் போனீர்கள், அதுதான் விஷயம். கரைப்பறவைக்கு ஒன்பது மணியும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் மட்டும்தான். இந்த மாதம் வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு இதுவே பதில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இன்று வற்றிய நேரத்துக்கே நாளையும் வற்றாது, ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் வற்றினால் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையிலான அந்தக் கரை முழுக்கச் சேற்றுவெளியாக விரிகிறது, பறவைகள் எல்லாம் சாப்பாட்டுக்காகத் தூரத் தூரப் போய்விடுகின்றன. நீங்கள் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே பறவைகள் கட்டாயம் இருந்திருக்கும், ஆனால் அவ்வளவு தூரத்தில் வெறும் கண்ணுக்கு அவை சேற்றில் கிடக்கும் கட்டைகள்தான். தண்ணீர் ஏற ஏற உண்ணும் இடம் சுருங்கும், ஒவ்வொரு கூட்டமாகக் கரைப்பக்கம் நகர்ந்து வரும். கடைசியில் சேறு மொத்தமும் மூழ்கிவிட்டால் மேட்டு நிலத்துக்கோ உப்பங்கழி ஓரத்துக்கோ போய் நிற்கும், சின்னக் கோட்டான் பாக்காவ் மரத்தில் ஏறிக்கொள்ளும். மீன் கடை அக்கா மரத்தில் பார்த்தது அதனால்தான். உள்ளான் கூட்டத்தில் பல பறவைகள் மரம் பக்கமே போகாது, இது அதில் கொஞ்சம் வித்தியாசமான ஆள்.

ஆகவே கைப்பேசியில் பாசாங் சுருட், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம் பாருங்கள். உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள், தண்ணீரே பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது, தண்ணீர்மலைக்குப் போய்வந்த களைப்பு தீர்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஃபெர்ரி பிடித்து அந்தப் பக்கம் போகலாம், அப்போது பறவைகளும் நிறைய இருக்கும். ஒரு எச்சரிக்கை, பிள்ளைகளைச் சேற்றில் இறங்க விடாதீர்கள். முழங்கால் வரை புதையும், தண்ணீர் திரும்புவது நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

இவை எந்த ஊரிலிருந்து வருகின்றன? வருஷா வருஷம் அதே பறவைதான் வருகிறதா?
(ஜார்ஜ்டவுன் வாசகி)

கிழக்குச் சைபீரியாவிலிருந்து. இங்கிருந்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே கோடைக்காலம் குறுகியது, அதற்குள் குடும்பக் கடமை முடிந்தாக வேண்டும். தரையில் சின்னப் பள்ளம், அதில் பெரும்பாலும் நான்கு முட்டை, ஆணும் பெண்ணும் மாறி மாறி நான்கு வாரம் அடைகாக்கும். பக்கத்தில் நரியோ கழுகோ வந்தால் துரத்தித் துரத்தி அடிக்கும், நம் ஊரில் ஆள் நிழல் கண்டாலே பறந்துவிடும் பறவையா அது என்று கேட்கத் தோன்றும். குஞ்சுகள் பொரித்து ஒரு நாளிலேயே நடந்து தாமே இரை பொறுக்கும், ஊட்டிவிடுகிற வேலையெல்லாம் கிடையாது. பெரியவை முதலில் தெற்கே கிளம்பிவிடும். இளசுகள் பின்னால், தாய் தகப்பன் துணையில்லாமல், ஒருமுறையும் போகாத வழியில் வருகின்றன. எனக்கு இதில் இன்னும் வியப்பு தீரவில்லை.

ஆகஸ்ட், செப்டம்பரில் வரத் தொடங்கித் தீபாவளிக்குள் கூட்டம் சேர்ந்துவிடும், சித்திரா பௌர்ணமிக்குள் பெரும்பாலானவை திரும்பியிருக்கும். கணக்குப் பார்த்தால் வருடத்தில் பாதிக்கு மேல் நம் பக்கம்தான் இருக்கின்றன, விருந்தாளி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதே பறவையா என்றால், பெரும்பாலும் ஆம். பழகிய கரைக்கே திரும்பும் வழக்கம் இவற்றுக்கு உண்டு, சில பறவைகள் சேற்றில் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை அண்ட விடாமல் விரட்டுவதையும் பார்க்கலாம்.

ஜூன் மாதத்திலும் இரண்டு மூன்று நின்றதைப் பார்த்தேன். அடிபட்டவையா?
(பாகான் ஆஜாம் வாசகர்)

இருக்கலாம், ஆனால் அவசியமில்லை. சின்னக் கோட்டான் இனப்பெருக்கத்துக்குத் தயாராக இரண்டு மூன்று வருடமாகும். அதுவரை வடக்கே போய் என்ன செய்வது என்று பல இளசுகள் இங்கேயே தங்கிவிடும்.

ராத்திரியில் வீட்டுக்கு மேலே ஏழு தடவை விசில் அடித்த மாதிரி சத்தம் கேட்கிறது. பாட்டி அபசகுனம் என்று சொல்லி வாசலில் உப்பு போடச் சொல்கிறார்.
(பெனாகா வாசகி)

பாட்டியின் காது நன்றாக வேலை செய்கிறது, அதற்கு முதலில் சந்தோஷப்படுங்கள். பிபிபிபிபிபிபி என்று ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சுருதியில் வேகமாக வருகிற அந்த ஒலி, அநேகமாகச் சின்னக் கோட்டான்தான். ஏழு முறை என்று பாட்டி எண்ணிச் சொன்னதும் சரியே. இங்கிலாந்திலும் பழைய காலத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் இரவில் ஏழு விசில் கேட்டால் மறுநாள் வேலைக்கு இறங்கப் பயப்படுவார்களாம், அந்தச் சத்தத்துக்கு இந்தப் பறவையையும் காரணமாகச் சொல்வார்கள். இவை இரவிலும் பயணம் செய்யும், இருட்டில் ஒன்றையொன்று தவறவிடாமல் குரல் கொடுத்துக்கொண்டே போகும். உப்பு போடுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை, பாட்டி நிம்மதியாகத் தூங்கட்டும்.

கடல் நண்டையே தின்று, உப்புத் தண்ணீரையே குடித்து எப்படி உயிர் வாழ்கிறது?
(அதே வாசகியின் மகன்)

கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி இருக்கிறது. இரத்தத்தில் அதிகமாகும் உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிடும்.

நானும் நண்பர்களும் பறவைப் படம் எடுக்கிறோம். கூட்டமாக நிற்கும்போது ஒருவர் ஓடிப்போய்க் கிளப்பிவிட்டால் பறக்கும் படம் அருமையாகக் கிடைக்கிறது. இதில் தவறு உண்டா என்று ஒரு சர்ச்சை எங்களுக்குள்.
(புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

உண்டு. சர்ச்சையை இதோடு முடித்துக்கொள்ளலாம்.

ஏற்ற நேரத்தில் பறவை சும்மா நிற்பதாகத்தான் உங்களுக்குத் தெரியும். உண்மையில் அது சாப்பிட்டதைச் செரித்துக்கொண்டும் கொழுப்புச் சேர்த்துக்கொண்டும் நிற்கிறது. நெடும்பயணத்துக்கான எரிபொருள் முழுவதும் அந்தக் கொழுப்புதான். 2022இல் இதன் சொந்தக்காரனான பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்து மாதமான குஞ்சு, அலாஸ்காவில் கிளம்பி 11 நாள் எங்கேயும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் இறங்கியது. உடம்பில் கட்டிய கருவி காட்டிய கணக்கு இது. அந்த இனம் கிளம்புவதற்கு முன்னால் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பாகவே இருக்கும், குடலும் இரைப்பையும்கூடச் சுருங்கிக்கொள்ளும். நீங்கள் ஒரு முறை கிளப்பிவிட்டால் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போகிறது, அடுத்த ஞாயிறு இன்னொரு குழு வந்து இன்னொரு முறை கிளப்பும். தண்ணீர் உச்சத்தில் இருக்கும்போது உட்கார வேறு இடமும் இல்லாமல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். பறக்கும் படம் வேண்டுமென்றால் தண்ணீர் இறங்கத் தொடங்கும் நேரம்வரை காத்திருங்கள், அவையே எழுந்து சேற்றுக்குப் போகும். ட்ரோன் வைத்திருக்கிற நண்பருக்கும் இதையே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பறவைகள் கெராங் (சிப்பி) பண்ணையை அழித்துவிடுமா?
(ஜூரு வாசகர்)

சின்னக் கோட்டானுக்கு நண்டு, புழு, இறால்தான் முக்கியம். சின்னச் சிப்பி கிடைத்தால் விழுங்கும், வளர்ந்த கெராங் ஓட்டை உடைக்கிற வலு அந்த அலகுக்கு இல்லை. கவலை வேண்டாம்.

நான் சிறுவனாக இருந்தபோது தஞ்சோங் தோக்கோங் பக்கம் கரையில் இறங்கினாலே பறவைதான். இப்போது அங்கே ஒன்றையும் காணோம். அழிந்துவருகிறதா?
(தஞ்சோங் தோக்கோங், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, அங்கே கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியது உங்கள் கண்ணெதிரே நடந்ததுதானே, சேறு போனால் பறவையும் போகும். சேற்றைப் பார்த்தால் வீணாகக் கிடக்கிற இடம் என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது, எனக்கு அதில்தான் கோபம்.

ஆனால் நம் கரை மட்டும் காரணமில்லை. சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே ஓடும் இந்த வழித்தடத்தில் 22 நாடுகள் வருகின்றன. வழியில் பல இனங்கள் இறங்கி இரை எடுக்கும் முக்கியமான இடம் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுவெளி. தென்கொரியாவில் சேமங்கும் என்ற இடத்தில் 2006இல் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் சுவரைக் கட்டி முடித்தார்கள், அங்கே இறங்கிக்கொண்டிருந்த பெரிய நாட் என்ற உள்ளான் இனம் அதன்பின் பெரும் எண்ணிக்கையில் குறைந்தது. பிறகு ஞானோதயம் வந்து, மிச்சமிருக்கும் சேற்றுவெளிகளில் சிலவற்றை 2019இல் சீனாவிலும் 2021இல் கொரியாவிலும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தார்கள்.

சின்னக் கோட்டான் உலக அளவில் இன்னும் அழிவு அபாயப் பட்டியலில் இல்லை. கிழக்கத்தியக் கோட்டான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதே குடும்பத்தில் மெல்லலகுக் கோட்டான் என்று ஒன்று இருந்தது, 1995இல் மொராக்கோவில் பார்த்ததுதான் உறுதியாகக் கடைசி, 2025இல் அது அற்றுப்போய்விட்டதாகவே அறிவித்துவிட்டார்கள்.

எங்கள் பூர்வீகம் வேதாரண்யம் பக்கம். கோடியக்கரைக்கு வரும் பறவைகளும் இவைதானா?
(சுங்கை பாக்காப் வாசகி)

இனம் அதே இனம், சின்னக் கோட்டானை அங்கேயும் பார்க்கலாம். கூட்டம் வேறு. கோடியக்கரைக்குப் போகிறவை பெரும்பாலும் மத்திய ஆசிய வழித்தடத்தில் இறங்குகின்றன. 2002இலிருந்து அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஜனவரியில் போங்கள்.

பிடித்துச் சமைக்கலாமா? காடை மாதிரி இருக்குமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

பெயர் வேண்டாம் என்றதிலேயே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை அனுமதி இல்லாமல் பிடித்தாலோ சுட்டாலோ குற்றம், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் வீடு தேடி வரும். அமெரிக்கக் கண்டத்துச் சின்னக் கோட்டான் ஒன்றுக்கு மாச்சி என்று பெயர் வைத்து முதுகில் கருவி கட்டியிருந்தார்கள். இரண்டு ஆண்டில் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, கடைசியில் ஒரு வெப்பமண்டலப் புயலையும் கடந்து, 2011 செப்டம்பரில் கரீபியத் தீவான குவாதலூப்பில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே வேட்டைக்காரர் சுட்டுவிட்டார். காடை வேண்டுமென்றால் சந்தையில் காடையே வாங்குங்கள்.

ஒரு பறவையின் காலில் மஞ்சள் நிறத்தில் சின்ன வில்லை மாதிரி ஏதோ மாட்டியிருந்தது. நெகிழிக் குப்பை சிக்கிக்கொண்டதா?
(நிபோங் தெபால் வாசகர்)

குப்பையாக இருக்காது. ஆய்வாளர்கள் மாட்டிவிடும் கால் கொடி அது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள், மஞ்சள் என்றால் வடமேற்கு ஆஸ்திரேலியா, ஆரஞ்சு என்றால் அதே நாட்டின் விக்டோரியா. சில கொடிகளில் எழுத்தும் எண்ணும் இருக்கும், அது தெரிந்தால் எந்தப் பறவை, எங்கே எப்போது மாட்டியது என்பதுவரை சொல்லிவிடுவார்கள். அடுத்த முறை பார்த்தால் நிறம், எந்தக் கால், கால் மூட்டுக்கு மேலேயா கீழேயா, நாள், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மலேசிய இயற்கைக் கழகத்துக்கு எழுதுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள், நிறம் புரிந்தாலே அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.